யார் சொல்லைக் கேட்பது? – கேட்காவ் ஸ்டேஷன் தந்த விடை

(நமது புனே பகுதி நிருபர்)

மும்பையிலிருந்து சென்னைக்குப் பயணமாகும் நம்மவர்கள் புனே தாண்டியதும் கட்டுச்சோற்றைப் பிரித்துவிடுவது வழக்கம். அடுத்து தவுண்ட் சந்திப்பில் டீ விற்பவர் குரல் கேட்டால்தான் தலை நிமிரும். இந்த இரண்டுக்கும் நடுவே கேட்காவ் என்று ஒரு சிறிய ஸ்டேஷன் இருக்கிறது. பெரிய வண்டிகளில் போகிறவர்களுக்கு அது ஒரு பெயர்ப் பலகை. கண்ணில் பட்டு மறைந்துவிடும். அந்தப் பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்தால் ‘கேட்க’ என்ற சொல் அதற்குள் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. வேதாகமத்தில் ‘கீழ்ப்படிதல்’ என்று படிப்பதை நாம் வீட்டில் ‘சொல் கேட்பது’ என்றுதானே சொல்கிறோம்?

யார் சொல்லைக் கேட்பது என்ற கேள்விதான் என்னை அந்த ஸ்டேஷனில் இறக்கியது.

ஒரு மனுவும் ஒரு கையெழுத்தும்

ரயில்வேயில் வேலை பார்க்கும்போதே ஒருவர் இறந்துவிட்டால், குடும்பம் தெருவில் நிற்காமல் இருக்க அவர் மனைவிக்கோ பிள்ளைகளில் ஒருவருக்கோ வேலை கொடுக்கும் ஏற்பாடு உண்டு. கருணை அடிப்படை வேலை என்பார்கள். அது தானாக வந்துவிடாது. மனுக் கொடுக்க வேண்டும். வெல்ஃபேர் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். காகிதங்கள் மேஜை மேஜையாக நகரும். இத்தனைக்கும் ஆரம்பம் மனுவில் விழும் ஒரு கையெழுத்துதான்.

திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று. கணவர் எங்கள் ரயில்வேயில் ஃபிட்டர். திடீரென்று இறந்துபோனார். மனைவிக்கு வயது முப்பதுகூட இல்லை. இரண்டு பெண் குழந்தைகள். மனுப் படிவத்தை நானே எடுத்துப்போய்க் கொடுத்தேன். மூன்று வாரம் ஆகியும் அது திரும்பி வரவில்லை.

விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. ஊரிலிருந்து மாமனார் வந்திருந்தார். தங்கள் வீட்டுப் பெண்கள் ஆபீசுக்குப் போய்ப் பழக்கமில்லை, பிள்ளைகளோடு ஊருக்கு வந்து இருக்கட்டும் என்பது அவர் முடிவு. சபையில் ஒரு மூப்பரும் அவர் பக்கம் பேசினார். பெற்றோருக்குக் கீழ்ப்படியும்படி எபேசியர் நிருபத்தில் பவுல் எழுதியிருப்பதை எடுத்துச் சொன்னார். சவுல் ராஜா கீழ்ப்படியாமல் போனதையும், சாமுவேல் அவனைக் கண்டித்ததையும் எடுத்துச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு வாயடைத்துப் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது என்னிடம் மெதுவாகக் கேட்டாள்:

“அண்ணாச்சி, மாமா சொல்லதைக் கேக்கலன்னா, அது ஆண்டவருக்கே கீழ்ப்படியாத மாதிரிதானா?”

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். வேதசாஸ்திரம் படித்தவன் அல்ல. “யோசிச்சுச் சொல்லுதேன் தங்கச்சி” என்று மட்டும் சொன்னேன். மனதுக்குள் அந்தக் கேள்வி அடங்கவில்லை. கேட்காவில் ஒரு அம்மையார் இருந்தாரே, அவர் வாழ்நாள் முழுவதும் இந்த ஒரு கேள்வியோடுதானே மல்லுக்கட்டினார் என்று அப்போது நினைவு வந்தது. அடுத்த ஓய்வு நாளில் தவுண்ட் போகும் உள்ளூர் வண்டியில் ஏறிவிட்டேன்.

யார் இந்த ரமாபாய்?

கேட்காவில் இறங்கி முக்தி மிஷன் என்று கேட்டால் வழி காட்டுவார்கள். பண்டித ரமாபாய் அம்மையார் நிறுவிய இல்லம் அது. 1989-இல் இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. மராத்தியர்கள் அவரை அறிவார்கள். நம்மவர்களில் பலர், மகாராஷ்டிரத்திலேயே இருந்தும், பெயரோடு நின்றுவிடுகிறோம்.

ரமாபாய் 1858 ஏப்ரல் 23-ஆம் தேதி மேற்குத் தொடர்ச்சி மலையில், இன்றைய கர்நாடகத்தைச் சேர்ந்த கங்காமூலா என்ற காட்டுப் பகுதியில் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே, சமஸ்கிருதத்தில் பெரும் பண்டிதர். அந்தக் காலத்தில் பெண்ணுக்குச் சமஸ்கிருதம் கற்பிக்கலாகாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. அவரோ தம் மனைவி லட்சுமிபாய்க்குக் கற்பித்தார். எதிர்ப்பு கிளம்பியது. உடுப்பியில் பண்டிதர்கள் கூடிக் கேள்வி கேட்டபோது சாஸ்திரங்களிலிருந்தே ஆதாரம் காட்டிப் பதில் சொன்னார். அந்தத் தாய் தம் மகளுக்குக் கற்பித்தார். ஊர் சொல்வதையெல்லாம் கடவுள் சொல்வதாக எடுத்துக்கொள்ளாத குணம் ரமாபாய்க்குப் பிறந்த வீட்டுச் சீதனம்.

குடும்பம் கோயில் கோயிலாக நடந்தது. புராணம் வாசித்துக் கிடைத்ததைக் கொண்டு பிழைத்தது. 1870-களில் தென்னாட்டைப் பஞ்சம் பிடித்தது. கையில் இருந்ததெல்லாம் நேர்த்திக்கும் தானத்துக்கும் போயிற்று. கடைசியில் திருப்பதிப் பக்கத்துக் காட்டில் பதினொரு நாள் தண்ணீரையும் இலைகளையும் சில ஈச்சம்பழங்களையும் தின்று கிடந்ததாக ரமாபாய் பின்னாளில் எழுதியிருக்கிறார். கூலி வேலை செய்வதோ பிச்சை எடுப்பதோ குலத்துக்கு இழுக்கு என்று நினைத்த குடும்பம் அது. நீரில் மூழ்கி உயிரை விட்டுவிடலாம் என்று கண் தெரியாத முதியவரான தந்தை முடிவு செய்தார். நான் கூலி வேலைக்குப் போகிறேன் என்று மகன் சீனிவாசன் சொல்லித் தடுத்தான்.

நம் சென்னை வண்டி கேட்காவைக் கடந்து, சோலாப்பூர், ரெய்ச்சூர், குண்டக்கல் என்று ஓடி, மறுநாள் ரேணிகுண்டாவைத் தொடுகிறது. திருப்பதி அங்கிருந்து கூப்பிடு தூரம். பதினாறு வயதுப் பெண் பசியால் சுருண்டு கிடந்த காடும், அவளே பிற்காலத்தில் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்ட கேட்காவும் ஒரே ரயில் பாதையில்தான் இருக்கின்றன.

தந்தையின் கடைசிச் சொல்

தந்தை 1874-இல் இறந்தார். இறக்குமுன் கடைக்குட்டி மகளை அணைத்துக்கொண்டு அவர் சொன்னதை ரமாபாய் கடைசிவரை மறக்கவில்லை. அவளைக் கடவுள் கையில் கொடுத்துவிட்டதாகவும், அவள் இனிக் கடவுளுக்கு மட்டுமே உரியவள் என்றும், ஆயுள் முழுவதும் அவருக்கே ஊழியம் செய்ய வேண்டும் என்றும் சொன்னாராம். நேர்மையான வழியை விட்டு விலகாதே என்பதும் அவர் வேண்டுகோள்.

இதைச் சொன்னவர் வைதிகப் பிராமணர். கேட்ட மகள் பிற்காலத்தில் கிறிஸ்தவரானார். ஆனாலும் தந்தை சொன்ன அந்தச் சொல்லைத் தம் வாழ்க்கையின் ஆதாரச் சொல்லாக வைத்துக்கொண்டார். கடவுளுக்கு மட்டுமே உரியவள் என்றால், வேறு யாரும், புருஷனோ, புரோகிதரோ, சபையோ, சர்க்காரோ, அவளைத் தன் உடைமை என்று சொல்ல முடியாது. இந்த ஒரு கணக்கை வைத்துத்தான் அவர் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தார்.

தாயும் அக்காளும் தந்தையைத் தொடர்ந்து மறைந்தார்கள். அண்ணனும் தங்கையும் வடக்கே காஷ்மீரம்வரை கால்நடையாகவே சுற்றி, 1878-இல் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பண்டிதர்கள் அந்த இளம் பெண்ணின் சமஸ்கிருதப் புலமையைச் சோதித்துப் பார்த்து வியந்து, ‘பண்டிதா’ என்றும் ‘சரஸ்வதி’ என்றும் பட்டம் சூட்டினார்கள். 1880-இல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டில் ஜாதி வேறாக இருந்த வங்காளி வக்கீல் பிபின் பிகாரி மேதாவியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். 1881-இல் மனோரமா பிறந்தாள். 1882-இல் காலரா கணவரைக் கொண்டுபோயிற்று. இருபத்து நான்கு வயதுகூட நிறையாத விதவை, கைக்குழந்தையோடு புனே வந்து சேர்ந்தார்.

ஒரு நுகத்தை இறக்கி வைத்துவிட்டு...

1883-இல் மருத்துவம் படிக்கும் எண்ணத்தோடு ரமாபாய் இங்கிலாந்து போனார். காது மந்தமாகிக்கொண்டே வந்ததால் அந்தப் படிப்பு நடக்கவில்லை. வான்டேஜ் என்ற ஊரில் ஆங்கிலிக்கன் கன்னியாஸ்திரீ மடத்தில் தங்கினார். அவ்வாண்டு செப்டம்பர் 29-ஆம் தேதி ஞானஸ்நானம் பெற்றார். அவருக்கு ஞானத்தாயாக இருந்தவர் கன்னியாஸ்திரீ ஜெரால்டின்.

இனி எல்லாம் சுமுகமாகப் போயிருக்கும் என்று நினைப்போம். போராட்டமே அங்கேதான் ஆரம்பித்தது.

மடத்தார் அவரிடம் எதிர்பார்த்தது கீழ்ப்படிதலை. சபையின் விசுவாசப் பிரமாணங்களை முழுவதும் ஒப்புக்கொள்ள வேண்டும். மேலே இருப்பவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். ரமாபாயோ வேதத்தைத் தாமே படித்து, திரித்துவம் பற்றியும் வேறு பல பற்றியும் கேள்விமேல் கேள்வி கேட்டார். மனதுக்கு நிச்சயமாகாததை வாயால் அறிக்கை செய்ய மாட்டேன் என்றார். புரோகிதர்கள் வைத்த நுகத்தை இவ்வளவு பாடுபட்டு இறக்கியபின், ஆண்டவர் கட்டளை என்று பெயர் சொல்லி வேறு மனிதர்கள் இன்னொரு நுகத்தை வைக்க வந்தால் கழுத்தைக் கொடுக்க முடியாது என்பது அவர் வாதம்.

சின்னச் சின்ன விஷயங்களிலும் இது வந்தது. அவர் மரக்கறி உணவை விடவில்லை. முட்டை சேர்ந்த பலகாரத்தையும் தொடவில்லை. கிறிஸ்தவளான பின்னும் ஜாதிப் பெருமை போகவில்லையே என்று ஜெரால்டின் வருந்தினார். அணியக் கொடுத்த சிலுவையில் லத்தீன் எழுத்து இருந்தது. எங்கள் சமஸ்கிருதத்தைவிட லத்தீன் எந்த விதத்தில் பரிசுத்தம் என்று ரமாபாய் கேட்டார். செல்ட்டன்ஹாம் பெண்கள் கல்லூரியில் இருந்தபோது ஆண் மாணவர்களுக்குப் பாடம் சொல்லும் வாய்ப்பு வந்தது. இந்தியாவில் அவர் பெயர் கெடும் என்று இங்கே ஊழியம் செய்த பிஷப்மார் தடை சொன்னார்கள். இந்தியா முழுவதும் ஆண்கள் கூடிய சபைகளில் பேசி வந்தவர் அவர். அந்தத் தடை அவரை மிகவும் புண்படுத்தியது.

இந்தக் கடிதங்கள் நமக்குக் கிடைத்திருப்பது ஜெரால்டினால்தான். தம்மைக் குறை சொல்லும் கடிதங்களைக்கூட அவர் கிழித்தெறியாமல் சேர்த்து வைத்தார். 1977-இல் அவை பம்பாயில் நூலாக வெளிவந்தன. அவற்றைப் படிப்பவர் கண்ணில் முதலில் படுவது, இவ்வளவு காரமாக வாதாடும் ரமாபாய் ஜெரால்டினை ‘ஆஜீபாய்’ என்றே அழைப்பதுதான். மராத்தியில் பாட்டி என்று பொருள். குழந்தை மனோரமா வைத்த பெயர். சொல்வதை ஒப்புக்கொள்ளவில்லை, உறவை முறிக்கவும் இல்லை. மரியாதை வேறு, அடிமைப்படுவது வேறு என்பதை அந்த ஒரு விளிச்சொல் காட்டுகிறது.

மதம் கிடைத்தது, ஆண்டவர்?

ரமாபாயைத் தன்னிச்சைக்காரி என்று எண்ணிவிடக் கூடாது. அப்படி எண்ணியவர்கள் அன்றும் உண்டு. அவர் தம்மையே மிகவும் கடுமையாகச் சோதித்தவர். ஞானஸ்நானம் பெற்று எட்டு ஆண்டுகள் கழித்து, கிறிஸ்து மதத்தைக் கண்டுகொண்டேனே தவிர, கிறிஸ்துவைக் காணவில்லை என்று உணர்ந்ததாகப் பிற்காலத்தில் எழுதினார். அதற்குப் பிறகே மனம் நிலைப்பட்டது, ஜெபமே மூச்சானது. அதுவரை யாருக்கெல்லாம் கீழ்ப்படிய மாட்டேன் என்று அவர் சொல்லி வந்தார். அதன்பின் யாருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பது அவருக்குத் தெளிவாயிற்று.

தமிழில் ‘பயபக்தி’ என்கிறோம். எவ்வளவு பொருத்தமான சொல்! பயம் மட்டும் இருந்தால் போலீஸ்காரரைக் கண்டு ஒதுங்குவது போலத்தான். பக்தி மட்டும் இருந்தால் பாட்டுப் பாடிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இரண்டும் சேர்ந்தால்தான் ஒருவன் கையைக் காலை அசைத்து எதையாவது செய்வான். ரமாபாய் செய்தது என்ன என்று பார்ப்போம்.

சாரதா சதனிலிருந்து முக்திக்கு

அமெரிக்கா சென்று, 1887-இல் உயர்ஜாதி இந்துப் பெண்களின் நிலை பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதி, அங்கே ஆதரவு திரட்டிக்கொண்டு 1889-இல் நாடு திரும்பினார். அவ்வாண்டு மார்ச் 11-ஆம் தேதி பம்பாய் சௌபாத்தியில் ‘சாரதா சதன்’ என்ற பள்ளியைத் தொடங்கினார். விதவைப் பெண்களுக்குக் கல்வி தருவதே நோக்கம். முதல் மாணவிகளில் கோதுபாய் என்ற இளம் விதவையும் ஒருவர். 1893-இல் அவரைத்தான் கார்வே மறுமணம் செய்துகொண்டார். பெண் கல்விக்கு உழைத்துப் பின்னாளில் பாரத ரத்னா ஆன அதே கார்வே.

சதன் 1890-இல் புனேக்கு வந்தது. மதமாற்றம் செய்வதில்லை என்பது உடன்பாடு. அதிகாலையில் ரமாபாய் ஜெபம் செய்யும் அறையில் சில பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். திலகரின் ‘கேசரி’ பத்திரிகை கடுமையாகத் தாக்கியது. ஆலோசனைக் குழுவில் இருந்த ரானடே, பண்டார்கர் போன்ற பெரியவர்கள் 1893-இல் விலகினார்கள். பல பெண்களை வீட்டார் அழைத்துப் போய்விட்டார்கள். வா என்று யாரையும் நான் கட்டாயப்படுத்தவில்லை, வருகிறவர்களுக்கு என் ஜெப அறைக் கதவை அடைக்கவும் மாட்டேன் என்பது அவர் நிலை. உடன்பாட்டை அவர் மீறினாரா இல்லையா என்பதில் இன்றும் இருவகை அபிப்பிராயம் உண்டு. கதவை அடைத்திருந்தால் பணமும் பேரும் நிலைத்திருக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

1896-இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம். திருப்பதிக் காட்டில் பட்ட பசி அவரைச் சும்மா இருக்கவிடவில்லை. நேரில் போனார். பட்டினியால் எலும்பும் தோலுமாக இருந்த பெண்களையும் சிறுமிகளையும் நூற்றுக்கணக்கில் அழைத்து வந்தார். அந்தச் சமயம் பார்த்துப் புனேயில் பிளேக் நோய். நகரத்துக்குள் இவ்வளவு பேரை வைத்துக்கொள்ளக் கூடாது என்று அதிகாரிகள் தடுத்தார்கள். கேட்காவில் பழத்தோட்டத்துக்காக வாங்கிப் போட்ட நிலம் ஏறக்குறைய நூறு ஏக்கர் இருந்தது. தோட்டத்து வருமானத்தில் சதனை நடத்தலாம் என்பது பழைய யோசனை. அந்த நிலத்தில் கூடாரம் அடித்துப் பெண்களைக் குடியேற்றினார். ‘முக்தி’ பிறந்தது இப்படித்தான். 1900-இல் குஜராத் பஞ்சத்துக்குப் பிறகு அங்கே இருந்தவர்கள் எண்ணிக்கை இரண்டாயிரத்தை நெருங்கியது.

பிளேக் முகாம்களில் பெண்கள் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டித்து 1897-இல் பத்திரிகைக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். பம்பாய் கவர்னர் சாண்ட்ஹர்ஸ்ட் பிரபு அதை மறுத்தார். ஆளுகிறவர்களும் கிறிஸ்தவர்கள், இவரும் கிறிஸ்தவர். அதற்காக அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை. இந்து சமூகத் தலைவர்கள், ஆங்கிலச் சபை, வெள்ளைக்கார சர்க்கார் என்று மூன்று தரப்பாரிடமும் கெட்ட பெயர் வாங்கினார். மூன்று தரப்பாரிலும் அவரை மதித்தவர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1919-இல் அதே சர்க்கார் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் கொடுத்தது.

முக்தியில் சும்மா இருந்து சாப்பிட்டவர் யாரும் இல்லை. தறி நெய்தார்கள், எண்ணெய் ஆட்டினார்கள், மாடு கறந்தார்கள், தோட்ட வேலை செய்தார்கள். பார்வையற்ற பெண்களுக்கும் முதியவர்களுக்கும் தனித்தனி இல்லங்கள் அமைந்தன. பெண்களே எழுத்துக் கோத்து, பெண்களே அச்சடிக்கும் அச்சுக்கூடம் ஒன்று நடந்தது.

கிராமத்துப் பெண்ணுக்கு ஒரு வேதம்

அந்த அச்சுக்கூடத்துக்கு ஒரு பெரிய வேலை காத்திருந்தது. அன்றிருந்த மராத்தி வேதாகமம் படித்தவர்களுக்கே விளங்கும் நடையில் இருப்பதாக ரமாபாய் கருதினார். பஞ்சத்திலிருந்து வந்த கிராமத்துப் பெண் தானே எடுத்துப் படித்தால் புரிய வேண்டும். அதற்காக ஐம்பதை நெருங்கும் வயதில் எபிரெயமும் கிரேக்கமும் கற்று, மூலத்திலிருந்தே முழு வேதாகமத்தையும் எளிய மராத்தியில் மொழிபெயர்த்தார். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலான உழைப்பு.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆண்டவர் சொல்வது என்ன என்று தெரிந்துகொள்ள மற்றவர் வாயையே பார்த்திருக்க வேண்டிய பெண்ணால், மற்றவருக்குத்தான் கீழ்ப்படிய முடியும். அவள் கையிலேயே நூலைக் கொடுத்துவிட்டால், அவள் ஆண்டவர் சொல்லை நேரடியாகக் கேட்கலாம். காது கேளாத ஒரு அம்மாள் மற்றவர்கள் காது திறப்பதற்குக் கடைசிவரை பாடுபட்டார்.

1921-இல் மகள் மனோரமா நாற்பது வயதில் இறந்தாள். தாய்க்குப்பின் முக்தியை நடத்துவாள் என்று எல்லோரும் நம்பியிருந்த மகள். அதன் பிறகும் ரமாபாய் அச்சுப்படி திருத்தும் வேலையை நிறுத்தவில்லை. வேலை முடிய இன்னும் பத்து நாள் வேண்டும் என்று ஜெபித்ததாகவும், அது முடிந்த கையோடு கண் மூடியதாகவும் சொல்லப்படுகிறது. 1922 ஏப்ரல் 5-ஆம் தேதி மறைந்தார். இன்னும் சில நாட்களில் அவருக்கு அறுபத்து நான்கு வயது நிறைந்திருக்கும்.

கையில் எடுத்து வந்த பதில்

மாலை வண்டிக்காகக் கேட்காவ் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தபோது மூப்பர் எடுத்துக் காட்டிய வசனங்களை மறுபடி யோசித்தேன். சாமுவேல் சவுலைக் கண்டித்தது எதற்காக? ஆண்டவர் சொன்னதை விட்டுவிட்டு, ஜனங்களுக்குப் பயந்து அவர்கள் சொல்லைக் கேட்டதற்காக. சவுலே அதை ஒப்புக்கொள்கிறான். மூப்பர் பாதிக் கதையைத்தான் சொன்னார். பவுல் பிள்ளைகளுக்குச் சொன்ன அதே இடத்தில் தகப்பன்மாருக்கும் புத்தி சொல்கிறார். அப்போஸ்தலர் நடபடிகளில் பேதுரு ஆலோசனைச் சங்கத்தார் முன் நின்று, மனுஷர் சொல்லா தேவன் சொல்லா என்று வந்தால் தங்களுக்குத் தேவன் சொல்தான் பெரிது என்று கூறிவிடுகிறார்.

ஆனால் இதைச் சொல்லிக்கொண்டு அவரவர் இஷ்டப்படி நடக்கலாமா? அதற்கும் ரமாபாய் வாழ்க்கையில் அளவுகோல் இருக்கிறது. அவர் பெரியவர்கள் சொல்லைத் தட்டியபோதெல்லாம் நஷ்டப்பட்டது அவரே. சுகம் தேடி மீறவில்லை. ஒவ்வொரு மீறலுக்கும் பின்னால் வேறு யாருக்கோ சோறும் எழுத்தும் கிடைத்தன. நமக்குச் சௌகரியமானதைச் செய்துவிட்டு ஆண்டவர் சித்தம் என்று பெயர் வைப்பது கீழ்ப்படிதல் ஆகாது. தனக்கு லாபமானதை மருமகளிடம் சொல்லிவிட்டு ஆண்டவர் கட்டளை என்பதும் ஆகாது.

மறுநாள் அந்த வீட்டுக்குப் போனேன். மாமனாரும் இருந்தார். வசனச் சண்டை போட எனக்குத் தகுதியில்லை. ரமாபாய் கதையை மட்டும் சொன்னேன். பஞ்சத்தில் தந்தை மகளிடம் சொன்ன கடைசி வார்த்தையைச் சொன்னபோது பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். அவரும் மகனைப் பறிகொடுத்தவர். பேத்திகள் இரண்டும் அவர் மடியில் இருந்தன.

கடைசியில் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: “இந்தப் பிள்ளைகளை உன் கையில் கொடுத்தது யாரு, தங்கச்சி?”

அவள் பதில் சொல்லவில்லை. உள்ளே போய் அலமாரியிலிருந்து படிவத்தை எடுத்து வந்தாள். முதலில் மாமனார் முன்னால் வைத்து, “நான் போடுதேன் மாமா, கோவிச்சுக்கிடாதிய” என்றாள். பெரியவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த வாரம் மாமனார் ஊருக்குப் புறப்பட்டார். நான்தான் டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன். அவர் முகத்தில் இன்னும் வருத்தம் இருந்தது. வண்டி கிளம்பும்போது மட்டும், “மனு எப்ப பாஸாகும் தம்பி?” என்று கேட்டார். ஆறேழு மாதம் ஆகும் என்றேன். அதுவரைக்கும் பிள்ளைகள் சாப்பாட்டுக்கு ஊரிலிருந்து அரிசி அனுப்புவதாகச் சொன்னார்.

இப்போது அவள் எங்கள் ஆபீசில்தான் வேலை செய்கிறாள். மாதம் பிறந்ததும் மாமனாருக்குப் பணம் அனுப்பிவிட்டுத்தான் மற்ற செலவைப் பார்க்கிறாள்.

அடுத்தமுறை சென்னை வண்டியில் போகும்போது, புனே தாண்டிய பிறகு சற்று ஜன்னல் பக்கம் பாருங்கள். கேட்காவ் என்ற பலகை வரும். வண்டி நிற்காது. உங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகள் இருந்தால், இந்த ஊரில் ஒரு அம்மா இருந்தார் என்று சொல்லி வையுங்கள்.